துங்தாப் வாசனையில் தொடங்கிய சம்பந்தம்: ஒரு நன்றி மடல்

உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஷில்லாங்கில் எங்களுக்கு நிச்சயமாகிவிட்டது. பத்திரிகை அடிக்கவில்லை, போனிலும் எல்லோரையும் பிடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, வேலூர் காந்தி ரோட்டில் என் மாமாவின் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு பெரியவருக்கு. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் அறை எடுத்து, அடுப்பையும் பாத்திரத்தையும் வாடகைக்கு வாங்கிச் சமைத்துச் சாப்பிடுவது நம் ஊருக்குப் புதிதில்லை. அம்மாவின் இதய ஆபரேஷனுக்காக மேகாலயாவிலிருந்து வந்திருந்த பெண் ஒரு சாயங்காலம் கருவாடு சுட்டிருக்கிறாள். "நாத்தம் தாங்கல, காலி பண்ணச் சொல்லு" என்று பெரியவர் கீழே வந்து கத்தினார். அதைச் சொல்லத்தான் மேலே போனேன். சுட்ட கருவாட்டில் வெங்காயமும் மிளகாயும் சேர்த்து இடித்து வைத்திருந்தாள். துங்தாப் என்றாள். எங்கள் ஆயா அரைக்கிற கருவாட்டுத் துவையலேதான். சண்டைக்குப் போனவன் சாப்பிட்டுவிட்டு இறங்கினேன். ஐயா, எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னபோது அவர்களுக்கு இங்கே யாரையும் தெரியாது. ஒரு போனுக்கு ஓடிவந்த கிரிக்கெட் கூட்டாளிகள் மூன்று பேருக்கும் நன்றி. கொடுத்து முடித்ததும் மயங்கி விழுந்தவனுக்குக் கூடுதல் நன்றி. அவன் பெயரைச் சொல்லி இன்றைக்கும் அந்த வீட்டில் ஜெபம் நடக்கிறது.

அவர்கள் ஊர் திரும்பியதும் மாத்திரைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத்தான் போன் வந்தது. அப்புறம் மாத்திரை இல்லாமலும் வந்தது. காதலைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் அவள் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட்டாள்: "நான் வீட்டுக்குக் கடைசிப் பெண். ஊரை விட்டு வர மாட்டேன். இதைத் தெரிந்துகொண்டு பேசு." அவள் காசி இனத்துப் பெண்; வாரணாசிக் காசி இல்லை, மேகாலயாவின் பழங்குடி. அவர்களிடம் கடைசி மகள்தான் தாய்வீட்டைக் காக்க வேண்டும். மாப்பிள்ளைதான் அங்கே போவார். பிள்ளைகளுக்கும் அம்மா வழிக் குலப்பெயர்தான். நம் பக்கம் இதற்குப் பெயர் வீட்டோட மாப்பிள்ளை. சொந்தத்தில் சிலர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு நன்றி கிடையாது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காபியை வைத்துவிட்டு, "பேரு எதுவா இருந்தா என்ன, பேரப்பிள்ளைங்க எங்கிட்ட தமிழ்ல பேசுமா?" என்று கேட்டார். பேசும் அம்மா. நான் எதற்கு இருக்கிறேன்?

அங்கே தாய்மாமன் பேச்சுக்கு எடை அதிகம். இங்கே மட்டும் குறைவா? எனவே மாமாவும் வந்தார். மாமாவுக்குத் தெரிந்த ஹிந்தி "எத்தனை நாள் தங்குவீர்கள், அட்வான்ஸ் எவ்வளவு" என்ற அளவுதான். அதை வைத்தே சம்பந்தம் பேசினார். பெண்ணின் மாமா எங்கள் 'குர்' எது என்று விசாரித்தார். குர் என்பது தாய்வழிக் குலம். ஒரே குலத்துக்குள் கல்யாணம் செய்யவே கூடாது. ஒரே குலதெய்வம் கும்பிடுகிற பங்காளி வீட்டில் நாம் பெண் எடுக்காதது மாதிரி என்று விளக்கினேன். அவருக்கு நிம்மதி. அதோடு நிறுத்தியிருக்கலாம். என் சித்தப்பா கட்டியிருப்பது சொந்த அக்கா மகளை என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர்கள் கணக்கில் மாமனும் அக்கா மகளும் ஒரே குர். ஒரு நிமிடம் அந்த வீட்டில் பேச்சு மூச்சில்லை. பேச்சைச் சட்டென்று மழைப் பக்கம் திருப்பிய அவளுடைய பெரியக்காவுக்கு நான் ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

பாஸ்டர் ஜெபித்தார், அப்பாவும் அம்மாவும் தட்டு மாற்றினார்கள். தட்டில் வெற்றிலை பாக்கைப் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்ந்ததை எழுதாமல் விட முடியாது. வாசல் மிதித்தவருக்கு முதலில் க்வாய் கொடுப்பதுதான் அங்கே மரியாதை. வெற்றிலை, சுண்ணாம்பு, ஊறிய பாக்கு. "இதுவும் தாம்பூலம்தானே" என்று அம்மா கண்கலங்கிவிட்டார். மாமா கலங்கியது வேறு காரணத்தால். வாய் நிறைய மென்றவருக்கு அந்தக் குளிரிலும் வேர்த்துக்கொட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அத்தனை பேருக்கும், அவர்கள் மொழியிலேயே நன்றி: குப்ளே.

பதிவுத் திருமணம் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி. நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். தேதி முடிவானதும் சொல்கிறேன். காட்பாடியில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறினால் குவஹாத்திக்கு இரண்டு ராத்திரிக்கு மேல் ஆகும். அங்கிருந்து சுமோவில் சுமார் 100 கி.மீ. ஸ்வெட்டரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். க்வாய் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தடவை பாக்கைக் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டால் போதும்.