பிராண நண்பர்: மகளுக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் சுகம். அத்தையின் அடக்க ஆராதனையில் ‘பாவ சஞ்சலத்தை நீக்க’ பாடியபோது நீ டொரன்டோவிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று அம்மா சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் மணப்பெண் நீரில் மூழ்கி இறந்துபோக, மாப்பிள்ளை அன்றிரவே அழுதுகொண்டு எழுதிய பாட்டு அது என்று உங்கள் சபையில் யாரோ சொன்னதாக மறுநாள் எழுதியிருந்தாய். பிரசங்கத்துக்கு வசதியான கதைதான். ஆனால் நடந்தது வேறு.

பாட்டை ஆங்கிலத்தில் எழுதியவர் ஜோசப் ஸ்கிரிவன். 1819-இல் அயர்லாந்தில் பான்பிரிட்ஜ் ஊருக்கு அருகே பிறந்தவர். இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டிய ஆள் என்றும் சொல்லலாம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு இளைஞர்களைத் தயார்செய்த அடிஸ்கோம் கல்லூரியில் சேர்ந்து, உடம்பு ஒத்துழைக்காததால் விலகி, 1842-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பட்டம் பெற்றார். மணப்பெண் மூழ்கி இறந்தது அதற்குச் சற்றுப் பின்னர். அதன்பிறகுதான் கனடாவுக்குக் கப்பலேறினார். பாட்டோ 1855-இல் எழுதப்பட்டது. இடையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

அந்த ஆண்டு அயர்லாந்தில் அவருடைய தாய் நோயுற்றிருந்தார். கடலுக்கு அப்பாலிருந்த மகன், தாயைத் தேற்றுவதற்காக எழுதி அனுப்பியதே இந்தப் பாட்டு. வேறொருவர் கண்ணில் படவேண்டும் என்று அவர் நினைக்கவேயில்லை. 1869-இல் தம்முடைய பாடல்களைத் தொகுத்து அச்சிட்டபோதுகூட இதை அதில் சேர்க்கவில்லை. ஆனால் பாட்டு அதற்குள் பெயரில்லாமல் அச்சேறி, சார்லஸ் கான்வெர்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1868-இல் அமைத்த ராகத்தோடு, யார் எழுதியது என்று தெரியாமலேயே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. 1875-இல் அமெரிக்க நற்செய்திப் பாடகர் சாங்கி தம் தொகுப்பில் சேர்த்தபோது, பாட்டு பிரபலமான இன்னொரு கவிஞருடையதாகக் கருதப்பட்டது! ஸ்கிரிவன் கடைசிக் காலத்தில் நோயாய்க் கிடந்தபோது, பார்க்க வந்த ஒருவர் பாட்டு எழுதிய தாளைக் கண்டு, நீங்களா எழுதினீர்கள் என்று கேட்க, “கர்த்தரும் நானுமாகச் சேர்ந்து செய்தோம்” என்றாராம்.

கனடாவில் நிச்சயமான இன்னொரு பெண்ணும், எலைசா ரோச், 1860-இல் நோயுற்று இறந்தார். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. அவருடைய ரம்பத்தைப் பற்றித்தான் சொல்லவேண்டும். பட்டம் பெற்ற அந்த மனிதர் ரம்பத்தைச் சுமந்துகொண்டு போர்ட் ஹோப் என்ற கனடா ஊரின் தெருக்களில் நடந்துபோய், விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் குளிர்காலத்துக்கு விறகு அறுத்துக் கொடுத்தார். வழியில் பார்த்த ஒருவர், நல்ல உழைப்பாளியாகத் தெரிகிறாரே, நம் வீட்டுக்கும் கூப்பிடலாமே என்றாராம். கூட இருந்தவர், “அவர் வரமாட்டார். கூலி கொடுக்க முடியாதவர்களுக்கு மட்டும்தான் அறுப்பார்” என்றாராம். கனடாக் குளிரில் விறகு என்றால் என்ன என்பது என்னைவிட உனக்குத் தெரியும்.

1886 ஆகஸ்டில், காய்ச்சலில் கிடந்தவர் இரவில் எழுந்து வெளியே போயிருக்கிறார். பிறகு நீரில் உயிரற்ற உடலாகத்தான் கண்டெடுத்தார்கள். மணப்பெண்ணின் முடிவும் அவர் முடிவும் தண்ணீரில்தான். இதை வைத்துப் பிரசங்கம் செய்யாமல் விட்டுவிடுவதே மரியாதை என்று எனக்குப் படுகிறது.

அம்மாவிடம் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி மறுபடி வாசித்தேன். ஆங்கிலத்தில் முதல் வரி, நம் பாவத்தையும் துக்கத்தையும் ‘சுமக்கும்’ நண்பர் என்கிறது. தமிழில் அது ‘நீக்க’ என்று மாறியிருக்கிறது. எனக்குச் சுமப்பதுதான் பிடித்திருக்கிறது. நோயில் கிடக்கும் தாய்க்கு, கூட வந்து சுமக்க ஆளுண்டு என்றல்லவா மகன் எழுதியிருக்கிறார். ஆனாலும் ‘பிராண நண்பர்’ என்ற சொல்லுக்காகத் தமிழாக்கியவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னிக்கலாம்.

போர்ட் ஹோப் உன் வீட்டிலிருந்து கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே ரைஸ் ஏரிப் பக்கம் பெங்கெல்லி கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம்செய்திருக்கிறார்கள். நினைவுக் கல்லில் பாட்டையே வெட்டியிருக்கிறார்கள். பனி உருகியதும் மாப்பிள்ளையோடும் பிள்ளைகளோடும் போய்வா. கல்லைக் கிட்டேயிருந்து படம் எடுத்து, பெரிதாக அச்சடித்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பினால் என் கண்ணுக்கு எழுத்துத் தெரியாது.

அன்புடன்,
அப்பா