கூடுதலாக ஓர் அடுக்கு

பேக்கர்ஸ்ஃபீல்டு,
கலிஃபோர்னியா

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. விமானம் பறந்த பிறகுதான் உனக்கு எழுதுவது என்று பிடிவாதமாக இருந்தேன். பறந்துவிட்டது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, விடிந்த அரை மணி நேரத்துக்குள், மொஹாவி ஓடுபாதையிலிருந்து கிளம்பியது. பதினோரு வருடம் என் கார் ஷெட்டில் கிடந்த பொருள் இருபத்தெட்டு நிமிடம் ஆகாயத்தில் இருந்தது. நானும் அதற்குள் இருந்தேன்.

உன் அப்பாவின் திதி நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தில் அவரைப் பற்றி நிறைய வரும். விமானம் கட்டிய வருடங்களில் நான் அதிகமாக நினைத்துக்கொண்டது அவரைத்தான்.

நீ கேட்ட கேள்விக்கு முதலில் வருகிறேன். புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "வால் இருக்க வேண்டிய இடத்தில் விசிறி இருக்கிறது, மூக்கில் ஒரு குட்டி இறக்கை இருக்கிறது, படத்தைத் தலைகீழாக அச்சிட்டுவிட்டார்களா?" என்று கேட்டிருந்தாய். படம் சரியாகத்தான் இருக்கிறது. இந்த அமைப்புக்குக் கனார்டு என்று பெயர். பிரெஞ்சு மொழியில் வாத்து என்று பொருள். கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, இறக்கை பின்தள்ளி இருக்க, வாத்து பறக்குமே, அந்தத் தோற்றம். 1903 டிசம்பரில் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்டதும் முன்னிறக்கை வைத்த விமானம்தான். வால் பின்னால் போனது அதற்கு அப்புறம்.

நான் கட்டியது லாங்-ஈஸி. வடிவமைத்தவர் பர்ட் ரூட்டன். எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் சோதனைப் பொறியாளராக இருந்தவர். பாண்டம் போர்விமானம் சுழன்று விழுவது எப்படி, அதிலிருந்து மீள்வது எப்படி என்று ஆராய்ந்தவர். 1974இல் பக்கத்து மொஹாவிப் பாலைவனத்தில் சொந்தமாக ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். 1975இல் வேரிஈஸி பறந்தது, 1979இல் அதைவிடப் பெரிய லாங்-ஈஸி. விமானத்தை அவர் விற்கவில்லை. வரைபடமும் செய்முறைப் புத்தகமும்தான் விற்றார். வாங்கியவன் தன் வீட்டில் தானே கட்டிக்கொள்ள வேண்டும். 1985இல் அந்த விற்பனையையும் நிறுத்திவிட்டார். என்னிடம் உள்ள தொகுப்பு, 1980களில் யாரோ ஒருவர் வாங்கி, தொடங்கி, பாதியில் கைவிட்டது. பக்கங்களின் ஓரத்தில் அவருடைய பென்சில் குறிப்புகள் பன்னிரண்டாம் அத்தியாயம் வரை இருக்கின்றன. அதற்குப் பிறகு வெள்ளைத்தாள். அந்தப் பக்கத்தைத் தாண்டிய நாளில் எனக்குத் துக்கமாக இருந்தது.

விமானம் விழுவதற்கு ஒரு பெரிய காரணம், விமானி மூக்கை அளவுக்கு மீறித் தூக்கிவிடுவது. வேகம் குறைந்து, இறக்கையின் மேல் காற்று ஒட்டி ஓடாமல் பிரிந்து, தூக்கும் விசை போய்விடும். தரைக்கு அருகில் அது நடந்தால் பிழைப்பது கடினம். லாங்-ஈஸியில் முன்னிறக்கை முதலில் சோர்ந்துபோகும்படி அமைத்திருக்கிறார்கள். மூக்கு தானாகவே கொஞ்சம் தாழும், வேகம் கூடும், மறுபடி நிமிரும். பெரிய இறக்கை அந்த நேரம் முழுவதும் பறந்துகொண்டேதான் இருக்கும். குதிரை தலையை ஆட்டுவதைப் போல மூக்கு மேலும் கீழும் ஆடுவதை நானே மூவாயிரம் அடி உயரத்தில் செய்து பார்த்தேன். "எதை நம்பி ஏறுகிறாய்?" என்று கேட்டாயே, ஒரு பாதி பதில் அது. இன்னொரு பாதி கட்டும் முறையில் இருக்கிறது. அது உன் தொழிலுக்குப் பக்கத்துத் தொழில்.

சுனாமிக்குப் பிறகு நீ மரத்தை விட்டு ஃபைபர் படகுக்கு மாறியபோது அக்கரைப்பேட்டைப் பட்டறையில் எனக்குக் காட்டினாய்: அச்சுக்குள் மெழுகு பூசி, கண்ணாடி இழை மேட் விரித்து, ரெசின் ஊற்றி, உருளையால் தேய்த்து, காய்ந்ததும் படகைக் கழற்றி எடுப்பது. இங்கே அச்சே கிடையாது. தெர்மாகோல் குடும்பத்தைச் சேர்ந்த நீல ஃபோம் கட்டையைச் சூடான எஃகுக் கம்பியால் இறக்கையின் வடிவத்துக்கு அறுக்க வேண்டும். அதன் மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து எபாக்சி என்ற ரெசினை ஊற்ற வேண்டும். உள்ளே இருக்கும் ஃபோம் அப்படியே தங்கிவிடும். உன் பாலியெஸ்டர் ரெசினை இங்கே கொண்டுவரவே முடியாது. தொட்ட இடத்தில் அந்த ஃபோமைக் கரைத்துவிடும். பெட்ரோலும் கரைக்கும் என்பதால் எரிபொருள் தொட்டிக்கு யூரித்தேன் என்ற வேறொரு ஃபோம். அதைக் கம்பியால் அறுத்தால் நச்சுப்புகை வரும், ஆகவே கத்தியும் உப்புத்தாளும்தான்.

கம்பியால் அறுக்க இரண்டு பேர் வேண்டும். கட்டையின் இரு முனையிலும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தில் பலகை பொருத்தி, அதன் விளிம்பில் எண்கள் எழுதியிருக்கும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைக் கடக்க வேண்டும். ஒருவர் முந்தினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். இருவருமே அவசரப்பட்டால் கம்பி நடுவில் பின்தங்கி வளைந்து, ஃபோமில் பள்ளம் விழும். மறுமுனையில் என் மகள் நின்றாள். நான் எண்களைத் தமிழில் சொன்னேன். "முப்பத்தேழு… முப்பத்தேழரை… முப்பத்தெட்டு." அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. இருபதுக்கு மேல் தமிழில் எண்ணத் தெரியாத பிள்ளை, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொண்டாள்.

நான் தப்பு செய்த இடத்துக்கு வருகிறேன். இதை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

இறக்கையின் தோலுக்கு எத்தனை அடுக்குத் துணி, எந்த அடுக்கின் நூல் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று செய்முறைப் புத்தகம் தெளிவாகச் சொல்கிறது. நீளவாக்கில் ஓடும் நூல் வளைவைத் தாங்கும், சாய்வாகக் குறுக்கிடும் நூல்கள் முறுக்கைத் தாங்கும். படித்தேன், புரிந்தது. ஆனால் இரவில் படுத்தால் பயம். இவ்வளவு மெல்லிய தோலா? உன் பட்டறையில், படகின் முன்முனையான அணியத்தில் மோதல் அதிகம் என்று மீனவர் சொன்னால் கூடுதலாக ஒரு மேட் போடுவாய் அல்லவா? அதை நினைத்துக்கொண்டு இடது இறக்கைக்குக் கூடுதலாக ஓர் அடுக்கு போட்டேன். துணி நனைய வேண்டுமே என்று எபாக்சியையும் தாராளமாக விட்டேன். ரப்பர் தகட்டால் அழுத்தி வழித்து எடுத்திருக்க வேண்டும். துணியை நனைத்தது போக மிஞ்சிய எபாக்சி வலுவைக் கூட்டாது, எடையை மட்டும் கூட்டும்.

எடை போட்டுப் பார்த்தபோது ஒன்பது பவுண்டு அதிகம். நான்கு கிலோ. படகுக்கு நான்கு கிலோ ஒன்றுமில்லை. இந்த விமானத்தில் என்ஜினும் பெரிய இறக்கையும் பின்னால் இருக்கின்றன. பின்பக்கம் ஏறும் எடையை ஈடுகட்ட மூக்கில் ஈயம் வைக்க வேண்டும். பயத்தினால் ஏற்றிய எடையைச் சமாளிக்க இன்னொரு எடை. எடைமையம் பின்னுக்குப் போய்விட்டாலோ, முன்னிறக்கை முதலில் சோர்ந்துபோகும் என்றேனே, அந்தக் காப்பே குலைந்துவிடும். நான் வலு சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு பாதுகாப்பைத்தான் உருவிக்கொண்டிருந்தேன்.

ஏழு மாத உழைப்பை வாளால் மூன்று துண்டாக அறுத்துக் குப்பை வண்டியில் போட்டேன்.

அன்று இரவு உன் அப்பாவைத்தான் நினைத்தேன். வரைபடமே இல்லாமல் வள்ளம் கட்டிய ஓடாவி அவர். நாம் ஒன்பதாம் வகுப்பு படித்த கோடை விடுமுறையில், பலகையைச் சற்று அதிகமாக வளைக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "போன தடவை கட்டினது அலையில மூக்கைக் குத்துது" என்றார். ஒவ்வொரு படகிலும் ஏதாவது ஒன்றை மாற்றிக்கொண்டே இருந்தார். அவர் மாற்றலாம். அவருக்குப் பின்னால் நாற்பது படகுகள் கடலில் இருந்தன. அவை கரைக்கு வரும்போது ஒவ்வொன்றையும் விசாரித்தார். எனக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பறக்காத ஓர் இறக்கைதான் இருந்தது. ரூட்டன் சொன்ன அடுக்குகளுக்குப் பின்னால் எடை ஏற்றிப் பார்த்த சோதனைகளும், பறந்துகொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான விமானங்களும் இருக்கின்றன. நான் எந்த உரிமையில் மாற்றினேன்? அந்த இடது இறக்கையை இரண்டாம் முறை எழுத்துக்கு எழுத்து புத்தகத்தின்படி செய்தேன்.

ஜான் டென்வர் என்ற அமெரிக்கப் பாடகர் 1997 அக்டோபர் 12 அன்று ஒரு லாங்-ஈஸியில் மாண்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். விமானத்தை அவர் கட்டவில்லை, வாங்கியிருந்தார். ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மாற்றும் வால்வு, வரைபடப்படி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். கைக்கு எட்ட வேண்டுமானால் உடம்பைத் திருப்பியாக வேண்டும். திரும்பும்போது வலது கால் சுக்கான் மிதியை அழுத்திவிட்டது என்பது விசாரணையின் முடிவு. தொட்டியில் எரிபொருளும் குறைவாகத்தான் இருந்தது. கட்டியவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டார், காக்பிட்டுக்குள் பெட்ரோல் குழாய் வர வேண்டாம் என்று நினைத்திருப்பார். என் ஒன்பது பவுண்டும் அதே மாதிரியான நல்லெண்ணம்தான். அந்த விசாரணை அறிக்கையை அச்செடுத்து ஷெட் சுவரில் ஒட்டியிருந்தேன்.

மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. முதலில் வந்த முன்னிறக்கையின் வடிவத்தில் ஒரு குறை இருந்தது: மழைத்துளி பட்டால் தூக்குவிசை குறைந்து மூக்கு தாழும், விமானி கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பலரும் மழையில் பறந்து அனுபவத்தை எழுதி அனுப்பினார்கள். ஜான் ரோன்ஸ் என்பவர் கணக்கிட்டுப் புது வடிவம் கொடுத்தார். நனைந்தாலும் அது மாறாமல் தூக்கும். என்னுடையது அதுதான். உன் அப்பா செய்ததும் இதுவும் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் பறத்தலைச் சொல்கிறேன். ஆள் ஏறாதவரை இந்த விமானம் மூக்கைத் தரையில் ஊன்றி மண்டியிட்டு நிற்கும். இல்லாவிட்டால் என்ஜின் எடையில் பின்னால் சாய்ந்துவிடும். உட்கார்ந்த பிறகு கைப்பிடியைச் சுற்றி முன்சக்கரத்தை இறக்கினேன். மொஹாவியின் பெரிய ஓடுபாதை 12,500 அடி. முதல் தடவைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஓடத் தொடங்கியது. முன்னிறக்கை முதலில் எழுந்தது, பிறகு சத்தம் மாறியது. சக்கரத்தின் கடகடப்பு நின்றுபோனதால்தான் தரையை விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. புரொப்பெல்லர் பின்னால் இருப்பதால் முன்னே மறைக்க எதுவும் இல்லை. டெஹாச்சபி மலைகள் முழுதாகத் தெரிந்தன. இறங்கும்போதுதான் வியர்த்தது. மற்ற விமானங்களைப் போல இறக்கையின் பின்விளிம்பை மடக்கி வேகத்தைக் குறைக்க இதில் வழியில்லை. அப்படிச் செய்தால் தாழும் மூக்கை முன்னிறக்கையால் தூக்கிப் பிடிக்க முடியாது. வயிற்றுப் பக்கம் ஒரு பலகையை நீட்டிக் காற்றைத் தடுக்கலாம், அவ்வளவுதான். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் தரையை நோக்கி வந்து, மெதுவாகச் சமன்செய்து, சக்கரத்தை வைத்தேன். ஒரு சின்னத் துள்ளல். பிறகு ஓடி நின்றது.

இறங்கி நின்று, கண்ணை மூடிக்கொண்டு இடது இறக்கையின் மேல் உள்ளங்கையை வைத்து நுனி வரை தடவினேன். உன் அப்பா வள்ளத்தைத் தடவுவாரே, அப்படி. கண் ஏமாறும், கை ஏமாறாது என்பார். நடுவில் ஓரிடத்தில் இன்னும் மெல்லிய மேடு ஒன்று இருக்கிறது. அடுத்த குளிர்காலத்தில் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும்.

அந்த ஓடுபாதையில் நிற்கும்போது டிக் ரூட்டனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பர்ட்டின் அண்ணன். 1986 டிசம்பரில் ஜீனா யேகரோடு வாயேஜர் விமானத்தில், எங்கும் இறங்காமல், வழியில் எரிபொருள் நிரப்பாமல், ஒன்பது நாளில் உலகைச் சுற்றியவர். அதுவும் கனார்டுதான். கிளம்பும்போது எரிபொருளின் கனத்தில் இறக்கை நுனிகள் எட்வர்ட்ஸ் தளத்து ஓடுபாதையில் உரசித் தேய்ந்தன, அப்படியும் போனார்கள். 2024 மே 3 அன்று, 85 வயதில், டிக் இறந்துபோனார். என் விமானம் பறந்த செய்தியை அவருக்கு ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன்.

உனக்கு வியப்பான செய்தி ஒன்று: 1980களில் பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகம் லாங்-ஈஸியை அடிப்படையாகக் கொண்டு ஓர் இலகு கனார்டு ஆய்வு விமானம் செய்தது. நாம் பட்டறையில் கோந்து காய்ச்சிக்கொண்டிருந்த காலத்துக்குக் கொஞ்சம் பின்னால். தெரிந்திருந்தால் வாசலில் போய் நின்றிருப்பேன்.

விதிப்படி முதல் 40 மணி நேரம் நான் தனியாகத்தான் பறக்க வேண்டும், குறித்துக் கொடுத்த எல்லைக்குள். பதினோரு மணி நேரம் முடிந்திருக்கிறது. கோடைக்குள் முடித்துவிடுவேன். செல்வி தங்கையையும் கூட்டிக்கொண்டு நீ மகன் வீட்டுக்கு டல்லாஸ் வரும்போது இங்கேயும் வர வேண்டும். பின் இருக்கை எடைமையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் உன்னால் சமநிலை கெடாது. மொத்த எடைதான் கணக்கு. 601 கிலோ வரைக்கும் போகலாம். வெறும் விமானம் 388, நான் 72. உன் எடை எழுபதுக்குள் இருந்தால் பசிபிக் கரையோரமாக மூன்று மணி நேரம் பறக்கப் போதுமான பெட்ரோல் ஊற்றலாம், கையிருப்பும் மிஞ்சும். வரும் கடிதத்தில் உன் எடையைச் சரியாக எழுது. செருப்போடு நின்று பார்த்ததையே எழுது.

என்றும் உன்,
இராமு