என் பழைய பிரீசருக்கு யாரு கடன் குடுப்பா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்ல 19 வருஷமா மளிகைக்கடை நடத்துறேன், வாடகைக் கடைதான், சொந்தமில்ல. பேப்பர்ல சோலாரு, பசுமைத் தொழில்நுட்பம், பசுமைக் கடன்னு அடிக்கடி செய்தி வருது, எல்லாத்தையும் விடாம படிக்கிறேன், படிச்சு முடிக்கும்போது இதுல எங்க மாதிரி ஆளுங்க எங்க இருக்கோம்னு மனசுல ஒரு கேள்வி வருது, அதான் இந்தக் கடிதம்.

என் கடையில மீனு, ஆட்டிறைச்சி வைக்க ஒரு பெரிய பிரீசர் இருக்கு, 14 வருஷம் ஆச்சு. கதவு ரப்பர் வெடிச்சுப்போச்சு, ரெண்டு தடவ டேப்பு ஒட்டிப் பாத்தேன், நிக்கல. ஓரத்துல விரல் தடிமனுக்கு ஐஸ் கட்டுது, மோட்டார் ராவும் பகலும் நிக்காம ஓடுது. மகன் ஒரு பிளக் மீட்டர் வாங்கிட்டு வந்து மாட்டி, கடை திறக்கும்போது ஒரு தடவ, மூடும்போது ஒரு தடவன்னு ஒரு மாசம் நோட்டுல எழுதினான். ஒரு நாளைக்கு 5 யூனிட் தின்னுது. அதே அளவு புது பிரீசர் பக்கத்துக் கடையில இருக்கு, அங்க கேட்டு அதே மீட்டரை ஒரு வாரம் வச்சுப் பாத்தோம், 2 யூனிட்தான். நாளைக்கு 3 யூனிட்னா மாசத்துக்கு 90 யூனிட். 2025 ஜூலைல கட்டண முறை மாறறதுக்கு முந்தி கடைகளுக்கு முதல் 200 யூனிட் 43.5 காசு, அதுக்கு மேல 50.9 காசு, நாங்க கணக்கு போட்டது அந்த விலையில, ஏன்னா என் கடை பில்லு எப்பவும் 200ஐ தாண்டித்தான் நிக்கும். அப்போ மாசம் 45 வெள்ளி (ரிங்கிட்) 80 காசு சும்மா போகுது. புது பிரீசர் விலை 1,600 வெள்ளி. மூணு வருஷத்துக்குள்ள அது தன் விலையை தானே கட்டிடும், என் கையில இருந்து ஒரு காசு போகாது.

இதைத்தான் ஒரு பேங்க்ல போய் சொன்னேன், நோட்டையும் காட்டினேன். அங்க இருந்த பிள்ளை மரியாதையாத்தான் பேசிச்சு, ஆனா நோட்டைத் திறந்துகூட பாக்கல. ஆறு மாச ஸ்டேட்மெண்ட் இருக்கா, சொந்தக் கட்டடமா, ஜாமீனுக்கு யாரு இருக்கா, இதான் கேள்வி. 1,600 வெள்ளிக்கு கடன் ஃபைல் திறக்க மாட்டோம் ஆன்ட்டின்னு கடைசியா சொல்லிடிச்சு. சரின்னு தவணைக் கடைக்குப் போனா அங்க 36 மாசம், மாசம் 68 வெள்ளி, மொத்தம் 2,448. மிச்சமாகறது 45, கட்டுறது 68, அப்போ நான் ஏன் மாத்தணும்? அதனால பழசே ஓடுது. இந்த ஊர்ல ஓடுற பழைய பிரீசர், பழைய ஏர்கோன் எல்லாத்துக்கும் பின்னாடி இந்தக் கணக்குதான் இருக்கு, ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லன்னு சொல்றவங்க ஒரு தடவ வந்து எங்ககூட உக்காந்து கணக்கு போட்டுப் பாக்கணும்.

அதுவே 4 விழுக்காடு வட்டியில 42 மாசத்துக்கு அந்த 1,600ஐ குடுத்தா தவணை மாசம் 43 வெள்ளி சொச்சம்தான் வரும், மிச்சமாகற காசுக்குள்ளயே அடங்கிடும். பொருள் ஒண்ணுதான் ஐயா, வட்டியும் கால அளவும் மாறினா முடியாதது முடியுது.

நாட்டுல பணம் இல்லாம இல்ல. 2010லயே பசுமைத் தொழில்நுட்ப நிதித் திட்டம் வந்துச்சு, வட்டியில 2 விழுக்காடு அரசாங்கம் கட்டும், கடன்ல 60 விழுக்காட்டுக்கு உத்தரவாதம் வேற. நல்ல திட்டம், ஆனா அது கம்பெனிகளுக்குன்னு வந்தது, லட்சக்கணக்குலயும் மில்லியன் கணக்குலயும் பேசுற இடம். அடுத்து 2011ல புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்துச்சு, அதைக் கவனிக்க செடாங்கிற அரசாங்க அமைப்பு வந்துச்சு, அந்த வருஷம் டிசம்பர்ல இருந்து கரண்டு பில்லுல 1 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்குன்னு பிடிச்சாங்க, 2014ல அது 1.6 ஆச்சு. வீடுகள்ல மாசம் 300 யூனிட்டும் அதுக்குக் கீழயும் எடுக்கறவங்களுக்கு அது கிடையாது, ஆனா என் கடை பில்லுல கேடபிள்யூடிபிபின்னு அந்த நிதியோட மலாய்ச் சுருக்கப் பேர்ல ஒரு கட்டணம் மாசாமாசம் வருது, 600 வெள்ளி பில்லுக்கு 9 வெள்ளி 60 காசு. நான் அதை குறை சொல்லல. அந்தக் காசுதான் சோலாரு, பயோகேஸ் போடுறவங்ககிட்ட கரண்டை நல்ல விலைக்கு வாங்க உதவுது.

செம்பனை எண்ணெய் ஆலைக் குளம் பக்கத்துல வளந்தவ நான், அந்தக் கழிவுத்தண்ணி குளத்துல கொப்புளம் கொப்புளமா நுரைச்சுக்கிட்டு கிடக்கும், அந்த நாத்தம் நாங்க இருந்த லயத்து, அதான் தோட்டத்து வரிசை வீட்டு, சமையக்கட்டு வரைக்கும் வரும். அதுல இருந்து கிளம்புறது மீத்தேன்னு அப்போ யாருக்குத் தெரியும்? இப்போ அதை மூடிப் பிடிச்சு கரண்டு எடுக்கறாங்க, பாக்க சந்தோஷமா இருக்கு. அதுக்கு பேங்க் எப்படி கடன் குடுத்துச்சுன்னா, அந்த பயோகேஸ் கரண்டை 16 வருஷத்துக்கு இன்ன விலைக்கு வாங்குறோம்னு எழுதிக் குடுத்தாங்க, சோலாருக்கு 21 வருஷம். வருமானம் எழுத்துல இருக்கு, பேங்க் நம்புது. என் பிரீசர் மிச்சம் பிடிக்கிற 45 வெள்ளியும் உறுதியான காசுதான், அதை எழுதிக் குடுக்கத்தான் ஆள் இல்ல.

வீட்டு சோலார் பத்தியும் ஒரு வார்த்தை. எங்க தாமான்ல ஒரு டீச்சர் வீட்டுல 4 கிலோவாட் போட்டாங்க, 18,000 வெள்ளி. 2024 ஏப்ரல்ல வந்த அரசாங்கத்தோட சோலாரிஸ் திட்டத்துல கிலோவாட்டுக்கு 1,000ன்னு அதிகபட்சம் 4,000 குடுத்தாங்க, அதுவும் கிடைச்சிருச்சு. அவங்களுக்கு சம்பளச் சீட்டு இருக்கு, வீடு அவங்க பேர்ல இருக்கு, மூணு ஏர்கோன் ஓடுது, நல்லா மிச்சமாகுது. அதே சமயம் என் கடைக்கு வர்ற ஒரு அண்ணன், தோட்டத்துல பழம் வெட்டுறவரு, அவரு வீட்டுல மாசம் 200 யூனிட்தான். பழைய கட்டணத்துல அது 43 வெள்ளி 60 காசு. அந்த பில்லு முழுசும் இல்லாமப் போனாக்கூட, 4,000 கழிச்சு மிச்சம் 14,000 வெள்ளிய அடைக்க 26 வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள அவரு ரிட்டாயர் ஆகி குவார்ட்டர்ஸை கம்பெனிகிட்ட ஒப்படைச்சிருப்பாரு, கூரையும் கம்பெனியோடது. அவருக்கு சோலார் வேணாம், நல்ல ஐஸ் பெட்டி, நல்ல ஃபேனு, எல்இடி பல்பு, அது போதும். 2021ல அரசாங்கத்தோட சேவ் திட்டத்துல, கரண்டை மிச்சம் பிடிக்கும்னு காட்டுற நட்சத்திர லேபிள் உள்ள ஐஸ் பெட்டிக்கு 200 வெள்ளி கழிவு குடுத்தாங்க, ஆனா மிச்சக் காசு முன்கூட்டி கையில இருந்தாத்தானே அந்த 200 கிடைக்கும்?

என் கடைக்கு அரிசி வாங்க ஒரு வங்காளதேசத்துத் தம்பி வருவான், பக்கத்துத் தோட்டத்துல வேலை. அவங்க ஊர்ல கரண்டு கம்பம் வராத காலத்துல அவங்கப்பா சின்ன சோலார் தகடு ஒண்ணு தவணையில வாங்கினாராம், கொஞ்சம் முன்பணம், மிச்சம் மாசாமாசம், தவணை வசூலுக்கு வர்ற ஆளே பேட்டரியையும் பாத்துட்டுப் போவாராம். மண்ணெண்ணெய்க்குப் போன காசுதான் அக்கா தவணைக்குப் போச்சுன்னான். நான் தேடிப் படிச்சுப் பாத்தேன், 2003ல ஆரம்பிச்சது, இட்கோல்ங்கிற அரசாங்க நிதி நிறுவனம் உலக வங்கிகிட்ட எல்லாம் பணம் வாங்கி ஊர்ல உள்ள சங்கங்களுக்குக் குடுத்து, அவங்க வழியா 40 லட்சம் வீட்டுக்கு மேல போயிருக்கு. பின்னாடி அங்க கரண்டு கம்பமும் வந்துச்சு, இலவசமாவும் தகடு குடுக்க ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் தவணைக்கு யாரும் வாங்க வரல, அந்தத் தப்பையும் நாம பாத்து வச்சுக்கணும். ஆனாலும் ஏழைக்கு சின்னக் கடன் குடுத்தா திரும்பி வராதுன்னு இனிமே யாரும் என்கிட்ட சொல்லக்கூடாது.

நம்மகிட்டயும் இல்லாத பழக்கமா? எங்க ஊர்ல பிறந்த, அப்போ அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சப்போ, தோட்டங்களைத் துண்டு போட்டு வித்துக்கிட்டிருந்த நேரம், பால்மரம் சீவுனவங்க மாசம் 10 வெள்ளின்னு கட்டி 100 வெள்ளி பங்கு எடுத்தாங்க, அந்தக் காசுல கெடாவுல புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கினாங்க. எங்கம்மாவும் கட்டினவங்கதான், அந்த ரசீதை ரொம்ப நாள் மைலோ டின்னுல பத்திரமா வச்சிருந்தாங்க. 10 வெள்ளியில தோட்டம் வாங்கின ஜனங்களுக்கு 43 வெள்ளித் தவணை கட்டத் தெரியாதா?

நான் கேக்கறது இதான். 1,000ல இருந்து 5,000 வெள்ளி வரைக்கும் சின்னக் கடன், கூட்டுறவுச் சங்கங்கள் வழியா குடுங்க, பெரிய கம்பெனிக்குக் குடுத்த அந்த 60 விழுக்காடு உத்தரவாதத்தை இந்தச் சங்கங்களுக்கும் குடுங்க. தவணையை கரண்டு பில்லுலயே சேர்த்து வாங்குங்க, எங்க ஜனங்க எதை நிறுத்தினாலும் கரண்டு பில்லை நிறுத்த மாட்டாங்க. கடனை ஆள் பேர்ல இல்லாம மீட்டர் பேர்ல வைங்க, நாளைக்கு நான் கடையைக் காலி பண்ணினா பிரீசரும் தவணையும் சேர்ந்து அடுத்தவங்களுக்குப் போகட்டும், அப்போ வாடகைக்கு இருக்கறவங்களும் வாங்கலாம். கடன்ல வாங்குற சாமானுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம்னு வைங்க, இல்லன்னா மட்டமான சாமானைத் தள்ளிவிட ஒரு கூட்டம் வந்துடும், எல்இடி பல்புல அதை நாங்க ஏற்கனவே பாத்துட்டோம், மூணு மாசத்துல கண்ணு சிமிட்டிக்கிட்டே அணைஞ்சு போச்சு.

இங்கேருந்து ரொம்ப தூரமில்லாத சென்டரோ அணையில 1930ல இருந்து கரண்டு எடுக்கறாங்க, கிந்தா ஈயச் சுரங்கத்துக்கெல்லாம் அது போச்சு. நான் பிறந்த லயத்துல எனக்கு பத்து வயசு வரைக்கும் ராத்திரி 10 மணியானா இஞ்சின் ரூம்ல சத்தம் நிக்கும், லைட்டு அணையும், எங்கம்மா மண்ணெண்ணெய் விளக்கைத் தேடுவாங்க. அணை பக்கத்துல இருந்தும் கரண்டு எங்களுக்குக் கடைசியாத்தான் வந்துச்சு. இந்த பசுமைப் பணமும் அப்படிக் கடைசியா வரக்கூடாதுன்னுதான் எழுதுறேன்.

கூட்டுறவுக்காரங்களோ அமைச்சுல இருந்து யாராவதோ கணக்கு பாக்கணும்னா மகன் எழுதின மீட்டர் நோட்டு கல்லாப்பெட்டி பக்கத்துலயே இருக்கு, திங்கட்கிழமை தவிர எல்லா நாளும் காலையில 7 மணிக்கு கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக்கடைக்காரம்மா,
சுங்கை சிப்புட், பேராக்