செய்த வேலையைச் சொல்லி விற்றுவிடுங்கள்

பழைய பண நோட்டுகளை விற்கும் வணிகர்களுக்கும் ஏல நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். துவைத்து, அழுத்தி, ஒட்டி, ஓரம் நறுக்கிய நோட்டுகள் 'யு.என்.சி.' (புழக்கத்துக்கே வராதது) என்ற பெயரில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நோட்டில் கையே வைக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கிழிசல் மேலும் ஓடாமலிருக்க ஜப்பானியத் தாளையும் கோதுமைப் பசையையும் வைத்து ஒட்டுவது நல்ல வேலை. தேவைப்பட்டால் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். அதை மறைத்து விற்பதைத்தான் எதிர்க்கிறோம்.

மடிப்பு விழுந்த நோட்டை ஈரப்படுத்திக் கனமான எடைக்கு அடியில் வைத்தால் கோடு மறையும். ஆனால் மடிப்பில் உடைந்த நார் மறுபடி சேராது. விளக்கைத் தாளுக்கு 10 முதல் 20 டிகிரி சாய்வில் பிடித்தால் கோடு எழுந்து நிற்கும். 10 மடங்கு லென்ஸில் அங்கே மை விட்டிருப்பதும் தெரியும். அழுத்தும்போது, குழிவாகச் செதுக்கிய தகட்டில் அடிக்கும் இன்டாக்ளியோ அச்சின் மேடும் அமுங்கிப்போகும். விரலில் சொரசொரவென்று தட்டுப்பட வேண்டிய உருவப்படம் வழவழத்தால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

துவைத்ததைப் புற ஊதா விளக்கு பல நேரம் காட்டிக்கொடுக்கும். நோட்டு அடிக்கும் பருத்தித் தாளில், புற ஊதா ஒளியில் ஒளிரும் வெளுப்பூட்டியைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. 365 நானோமீட்டர் விளக்கில் மங்கலாகவே இருக்கும். சலவைத்தூளில் முக்கியது நீலவெள்ளையாக ஒளிரும். அதே வெளியீட்டின் இன்னொரு நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே முடிவு சொல்லுங்கள். ஊசித்துளையை அடைத்திருந்தால் பின்னாலிருந்து வெளிச்சம் பாய்ச்சினால் போதும். ஓரம் நறுக்கியதற்கு அளவுகோலும் நோட்டு விவரப் பட்டியலான கேட்லாக்கில் உள்ள மில்லிமீட்டர் கணக்கும் போதும்.

எண்ணை மாற்றுவது வேறு ரகம். 8-இன் இடப்பக்கத்தைச் சுரண்டினால் 3 ஆகிவிடும், சாதாரண எண், சேகரிப்பவர்கள் தேடும் ஃபேன்சி எண்ணாகிவிடும். மேடான அச்செழுத்தால் அழுத்தி அடித்த லெட்டர்பிரஸ் எண் தாளில் லேசாகப் பதிந்திருக்கும், விளிம்பில் மை ஒதுங்கியிருக்கும். சுரண்டிய இடத்திலோ நார் சிலும்பி நிற்கும். 'அச்சுப் பிழை' என்று வரும் நோட்டுகளிலும் இதே கதைதான். இன்டாக்ளியோ அச்சே விழாத இடத்தில் தாள் சமமாக இருக்கும். மையை அழித்திருந்தால் தகட்டின் பதிவு அங்கேயே தங்கியிருக்கும். இவற்றுக்குக் குறைந்த விலை போடுவதுகூடச் சரியல்ல. விற்பனையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் நிறுத்த வேண்டும்: நோட்டின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனம் 'பழுதுபார்த்தது' என்று குறித்துக் கொடுத்த உறையைப் பிரித்து, நோட்டை மட்டும் வெறுமனே விற்பது. அந்தக் குறிப்பு உறைக்கு எழுதியதல்ல, நோட்டுக்கு எழுதியது. உறை போனாலும் குறிப்பு உங்கள் விவரத்தில் இருக்க வேண்டும்.

விவரத்தில் 'நல்ல நிலை' என்று போட்டு முடித்துவிடாதீர்கள். 'வி.எஃப்., நடு மடிப்பு ஒன்று, அழுத்தியது. மேல் ஓரத்தில் 4 மி.மீ. கிழிசல் ஒட்டியது; ஊசித்துளை இரண்டு' என்று எழுத ஒரு நிமிடம் ஆகாது. ('வி.எஃப்.' என்றால் ஓரளவு புழங்கியும் நன்றாக இருக்கும் நோட்டு.) முன், பின் படங்களோடு சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று, பின்வெளிச்சத்தில் ஒன்று சேருங்கள். சோதிக்கவில்லை என்றால் 'சோதிக்கவில்லை' என்றே எழுதுங்கள்.

விலையை வேலைக்கு முந்தைய தரத்திலிருந்து போடுங்கள். அழுத்தி ஏ.யு. (ஏறக்குறையப் புழங்காதது) போலத் தெரிய வைத்த வி.எஃப். நோட்டு, வி.எஃப். நோட்டுதான். கை படாத வி.எஃப். நோட்டுக்கு அதைவிடக் கூடுதல் விலை கொடுக்கப் பலர் தயாராக இருக்கிறார்கள். தாளின் இயல்பு கெடாதவற்றுக்கு மட்டும் பி.எம்.ஜி. என்ற தரச்சான்று நிறுவனம் 'ஈ.பி.க்யூ.' என்று தனிக்குறி கொடுப்பதும் அதற்காகத்தான்.

வாங்கியவர் விளக்கும் லென்ஸும் வைத்துப் பார்க்க 14 நாள் கொடுங்கள். நீங்கள் சொல்லாத வேலை ஏதாவது தெரியவந்தால், அனுப்பிய செலவோடு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுப்போம் என்று ஒவ்வொரு ரசீதிலும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நோட்டு சேகரிப்பாளர்கள்