தைப்பொங்கலும் தண்டப்பணமும்

அன்புள்ள வதனி,

நாங்கள் நலம். சின்னமாமியின் முழங்கால் இப்போது பரவாயில்லை என்று கேள்விப்பட்டதில் மகிழ்ச்சி.

தைப்பொங்கலுக்குப் பிள்ளைகள் இருவரையும் யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்குக் கூட்டிச்செல்ல இங்குள்ள பள்ளிக்கூடத்தில் இரண்டு வார விடுப்புக் கேட்டிருந்தோம். விதிவிலக்கான காரணம் இல்லையென்று பள்ளி அதிபர் மறுத்துவிட்டார். அப்பா இப்போது முற்றம் வரைதான் நடக்கிறார். பேரப்பிள்ளைகள் பொங்கல் பானையைச் சுற்றி நிற்பதைப் பார்க்கவேண்டும் என்று தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். ஆகஸ்ட் விடுமுறையில் போகலாம் என்பவர்களுக்கு அப்போது விற்கும் விமானச் சீட்டின் விலையும் தெரியாது, அப்பாவின் உடல்நிலையும் தெரியாது.

இங்கிலாந்தில் 2013 செப்டெம்பருக்கு முன்பு, தகுந்த காரணம் இருந்தால் குடும்பப் பயணத்துக்கு ஆண்டுக்குப் பத்து நாள் வரை விடுப்புத் தர அதிபருக்கு இடமிருந்தது. வேல்ஸில் இன்றும் இருக்கிறது. இங்கேயோ அனுமதியில்லாமல் கூட்டிச்சென்றால், 2024 ஆகஸ்டிலிருந்து, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் பிள்ளை ஒன்றுக்குத் தண்டம் 80 பவுண், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. எங்கள் வீட்டுக்கு அது 320 பவுண். மகளை ஃபுளோரிடாவுக்குக் கூட்டிப்போன வைட் தீவுத் தந்தையின் வழக்கில், மற்ற நாள்களில் பிள்ளை ஒழுங்காக வந்திருந்தாலும் அனுமதியில்லாமல் பள்ளிக்கு அனுப்பாமல் விடுவது குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் தீர்த்துவிட்டதால், வாதாடவும் வழியில்லை.

தவணை நடுவில் ஒரு பிள்ளை காணாமற்போனால், திரும்பி வந்ததும் அதே பாடத்தை மறுபடி தொடங்கவேண்டியவள் ஆசிரியைதான் என்று நீ போன முறை கோபமாய்ச் சொன்னாய். அது சரி. ஒரு நாளும் தவறாமல் வந்து வரவுப் பரிசை எங்கள் யாருக்கும் விட்டுவைக்காதவள் வேறெப்படிச் சொல்வாய்! ஆனால் கடற்கரையில் படுத்திருக்கப் போகிறவரையும் முதிய தந்தையைப் பார்க்கப் போகிறவரையும் பிரித்தறிய அதிபருக்கு ஏன் இடமில்லை? பணமுள்ளவர் தண்டத்தையும் பயணச் செலவில் சேர்த்துக் கட்டிவிட்டுப் போகிறார். இல்லாதவரைத்தான் இந்தச் சட்டம் தடுக்கிறது.

வயிற்றோட்டம் என்று சொல்லிவிடும்படி இங்குள்ள சிலர் அறிவுரை கூறினார்கள். நான் உடனே மறுத்துவிட்டேன். தாத்தாவைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை அதை வகுப்பில் மறைத்துப் பேசவேண்டிய நிலை வரக்கூடாது. சொல்லிவிட்டே போகிறோம், தண்டத்தையும் கட்டுகிறோம்.

பெரியவள் ஆறாம் ஆண்டில் படிக்கிறாள், மே மாதத்தில், ஆரம்பப் பள்ளி முடிவில் எழுதும் சாட்ஸ் பரீட்சை. அந்த இரு வாரத்தில் பின்னக் கணக்கை எந்த வரிசையில் சொல்லிக்கொடுக்கலாம் என்று எழுதி அனுப்பு; காலை வேளைகளில் நானே இருத்திப் படிப்பிப்பேன். உன் அம்மாவுக்கு ஏதும் கொடுத்துவிடுவதென்றால் மார்கழி முடிவதற்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
சுமதி