சேகருக்கு, துளை போட்ட கதை

திருச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி சுவரைப் பிடித்து நடக்கிறாள் என்பதை வீட்டில் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

ஆம்ப்ளிஃபயருக்கு, செம்புத் தகடு ஒட்டிய கண்ணாடி இழைப் பலகையில் நீயே சர்க்யூட் போர்டு போடப் போகிறாயாமே! பாலிடெக்னிக்கில் செம்பின்மேல் நெயில் பாலிஷ் வைத்து இணைப்புக் கோடுகளை வரைவோமே, அந்தக் கஷ்டம் இப்போது இல்லை. லேசர் பிரிண்ட் எடுத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் மை செம்பில் ஒட்டிக்கொள்கிறது. வேண்டாத செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடின் கறை மட்டும் மாறவே இல்லை. போன வாரம் ஒரு நல்ல வேட்டி போயிற்று.

போர்டை வெட்டுவது பெரிய வித்தை இல்லை. உடைந்த ஹாக்ஸா பிளேடின் முனையைக் கொக்கி மாதிரி சாணை பிடித்துக்கொள். இரும்பு ஸ்கேலை வைத்து இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் ஏழெட்டு இழுப்பு. மேஜை விளிம்பில் வைத்து அழுத்தினால் 1.6 மில்லிமீட்டர் போர்டு டக்கென்று உடையும். ரம்பம் போட்டால் கண்ணாடித் தூள் பறக்கும். விளிம்பைத் தேய்க்கும்போதும் தண்ணீர் தொட்டுக்கொள், மாஸ்க் போட்டுக்கொள்.

பாடாய்ப் படுத்தியது துளைதான். துளை போடும் சாதா ஸ்டீல் பிட் கண்ணாடி இழையில் சீக்கிரம் மழுங்குகிறதே என்று 0.8 மில்லிமீட்டர் கார்பைடு பிட் வாங்கினேன். மோட்டாரைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டதில் முதல் சாயங்காலமே நான்கு காலி. கார்பைடு வளையாது, கை இம்மி சாய்ந்தாலும் முறியும். மோட்டார்மேல் பழியைப் போட்டு இன்னும் வேகமான ஒன்று வாங்கினேன். அதுவும் முறித்தது. அப்புறம்தான் பிட்டைச் சுற்றவிட்டு உற்றுப் பார்த்தேன். முனை ஊசி மாதிரி நிற்காமல் பட்டையாகத் தெரிந்தது. பிட்டைப் பிடிக்கும் சக்கில் ஆட்டம்! அதைக் கழற்றி எறிந்துவிட்டு பிட்டின் தண்டை ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும் காலெட் போட்டு, மோட்டாரை ஒரு சின்ன ஸ்டாண்டில் ஏற்றினேன். இன்றுவரை அதே பிட்தான் ஓடுகிறது.

இன்னொன்று. பாகங்களின் கால் நுழையும் செம்புப் பேடு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி அளவுக்குச் செம்பு அரிபடும்படி வரை. அந்தக் குழியில் பிட் தானாகப் போய் உட்காரும். ஐசி, ரெசிஸ்டருக்கு 0.8 போதும். 1என்4007 டயோடின் கால் கொஞ்சம் தடிமன், 1 மில்லிமீட்டர் வேண்டும். அடியில் ஒரு பழைய மரத்துண்டு வை.

அடுத்த மாதம் வருகிறாய் அல்லவா? சென்னையில் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் பக்கம் போனால் 1 மில்லிமீட்டர் பிட் இரண்டு வாங்கி வா. தண்டு 3.175 மில்லிமீட்டராக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, என் காலெட் அதற்குத்தான். காசு இங்கே தருகிறேன்.

அன்புடன்,
கணேசன்