நூலக வாசகர் வட்டம்: 2024–25ஆம் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், நூலகர் அவர்களுக்கும், பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் உள்ள நம் கல்லூரி வளாக நூலகத்தின் வாசகர் வட்டம் 2024 ஜூன் முதல் 2025 மே வரை ஆற்றிய பணிகளைச் செயற்குழுவின் சார்பில் இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வறிக்கை புதிய நூல் வரவையும் கலந்துரையாடல் கூட்டங்களையும் பற்றியது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டம் கண்ட பெருமழையை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்த அந்த மழையை, உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நம் நூலகத்தின் கீழ்த்தட்டுகளில் இருந்த தமிழ் நாவல்களும், பழைய இலக்கிய இதழ்களை அட்டையிட்டுக் கட்டிய தொகுதிகளும் நனைந்து, உலர்த்தியும் பயன்படாமல் போயின. ஆகவே இவ்வாண்டின் நூல் வரவில் ஒரு பகுதி புதிய நூல்கள் அல்ல; இழந்தவற்றின் மறுபதிப்புகளே. இதழ்த் தொகுதிகளுக்கு மாற்றுக் கிடைப்பது அரிது என்பதால், தங்கள் வீட்டுச் சேகரிப்பிலிருந்து எடுத்துத் தந்த ஓய்வுபெற்ற பேராசிரியர்களுக்கு வட்டம் பெரிதும் கடமைப்பட்டுள்ளது.

எஞ்சிய கொள்முதலில் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அண்மை நூல்களுக்கு முதலிடம் தரப்பட்டது. அம்பையின் ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’, மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’, தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ ஆகியவை ஆண்டின் முற்பகுதியிலேயே வந்து சேர்ந்தன. 2024ஆம் ஆண்டுக்கான விருது ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலுக்கு அறிவிக்கப்பட்டதும், நம் ஊரின் வரலாற்றைப் பேசும் அந்நூலைக் காத்திருக்காமல் வாங்கித் தந்தார் நூலகர். கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்கு அகராதியும், இடைசெவல் கிராமத்தில் அவரோடு வளர்ந்த கு. அழகிரிசாமியின் சிறுகதைத் தொகுப்பும், ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவலும் இவற்றோடு வாங்கப்பட்டவை.

இந்நூல்களை அடுக்கும்போது ஒரு சிக்கல் எழுந்தது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறைப்படி தமிழ் இலக்கியம் 894.811இலும் தமிழ்நாட்டு வரலாறு 954.82இலும் செல்லும். ஆகவே தூத்துக்குடியைப் பற்றிய நாவல் ஒரு மூலையிலும், தூத்துக்குடியின் வரலாறு இன்னொரு மூலையிலும் நின்றன. பகுப்பெண்ணை மாற்றாமல், நூற்பட்டியலில் மட்டும் இடக்குறிப்பைச் சேர்த்து, நுழைவாயிலை ஒட்டி ‘நம் வட்டாரம்’ என்ற தனி அடுக்கை நூலகர் அமைத்துக் கொடுத்தார். பொறியியலும் வணிகவியலும் படிக்கும் மாணவர்கள் அந்த அடுக்கின் முன்னே நிற்பதைக் காணும்போது, இவ்வாண்டில் நடந்த நல்ல காரியங்களுள் இதுவும் ஒன்று எனக் கருதுகிறேன்.

கூட்டங்களுக்கு வருகிறேன். நூலகவியலறிஞர் சீ.இரா. அரங்கநாதனின் பிறந்தநாளையொட்டி ஆகஸ்ட் 12 அன்று கொண்டாடப்படும் நூலகர் நாளில் இவ்வாண்டின் முதல் கூட்டம் நடைபெற்றது. அவர் 1931இல் வெளியிட்ட நூலக ஐந்து விதிகளில் ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்’ என்ற விதியைப் பற்றியே பேச்சு நீண்டது. ஒரு தலைப்புக்கு ஒரு பிரதி என்பதே நம் நூலகத்தின் நெடுநாள் வழக்கம். கலந்துரையாடலுக்கென ஒரு நூலை அறிவித்தால், அந்த ஒரே பிரதியை ஒருவர் எடுத்துச் செல்ல, மற்றவர்கள் படிக்காமலே வந்து அமர வேண்டியிருக்கிறது. தலைப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதைவிட, பேசப்போகும் நூல்களை ஐந்து பிரதிகளாவது வாங்குவதே மேல் என்று அன்று ஒருமனதாகத் தீர்மானித்து, நூலகக் குழுவுக்கு விண்ணப்பித்தோம். குழு மூன்று பிரதிகளுக்கு இசைந்தது.

செப்டம்பரில் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ எடுத்துக்கொள்ளப்பட்டது. நம் ஊர் உப்பளங்களுக்கு நேரில் வந்து, தொழிலாளர்களோடு பழகி அவர் எழுதிய நாவல் இது. அவருடைய படைப்புகள் அவர் வாழ்ந்த காலத்திலேயே, 2009இல், நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால், பிரதி கிடைக்காதவர்கள் கைப்பேசியில் இலவசமாகப் படித்து வந்தார்கள். அச்சுப் பிரதிக்கும் மின்வடிவுக்கும் பக்க எண்கள் பொருந்தாததால் இயல் எண்ணைச் சொல்லிப் பேச வேண்டியிருந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் பெற்றோரைக் கொண்ட மாணவ மாணவியர் நம் கல்லூரியில் கணிசமாக உள்ளனர். அவர்களுள் ஒருவர் தம் தாயாரையும் அழைத்து வந்திருந்தார். வெயிலில் பாத்திக்குள் இறங்கி உப்பு வாரும் பகுதியை மாணவி வாசித்து முடித்ததும், கடைசி வரிசையில் இருந்த அந்த அம்மையார் எழுந்து, “காலு வெடிப்பும் கண்ணு எரிச்சலும் இன்னும் அப்படியேதான் இருக்கு. ஒரு பொம்பள இம்புட்டுத் தூரம் வந்து பாத்து எழுதியிருக்காகளே” என்றார். அதன்பின் பேச்சு நாவலின் கட்டமைப்பை விட்டுக் கூலி, மழைக்கால மாதங்களில் வேலையின்மை, பெண்கள் தலையில் சுமக்கும் பெட்டியின் எடை என்று விரிந்தது. விமர்சனக் கூட்டம் திசைமாறிவிட்டதாக ஓரிரு உறுப்பினர்கள் பின்னர் குறைப்பட்டார்கள். அந்த நாவல் எதற்காக எழுதப்பட்டதோ அதை நோக்கியே கூட்டம் சென்றது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தடுத்த மாதங்களில் அழகிரிசாமியின் சிறுகதைகளும் ‘கொற்கை’யும் பேசப்பட்டன. ‘கொற்கை’யின் பருமனைக் கண்டு தயங்கியவர்களுக்காக அதை இரு கூட்டங்களாகப் பிரித்தோம். பருவத் தேர்வை ஒட்டிய நவம்பர் கூட்டத்துக்கு வருகை குறைவு.

மார்ச் 13 அன்று, 1908இல் திருநெல்வேலி எழுச்சி நிகழ்ந்த அதே நாளில், வேங்கடாசலபதியின் நூல் கலந்துரையாடலுக்கு வந்தது. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கியதையும், 1908 பிப்ரவரி 27இல் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஏற்பட்டதையும் பள்ளிப் பாடமாக மட்டுமே அறிந்திருந்த மாணவர்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதைக் கேட்டு வீதிக்கு வந்த பெயர் தெரியாத எளிய மக்களைப் பற்றியே மிகுதியும் கேட்டார்கள். செய்யுளில் அமைந்த வ.உ.சி.யின் சுயசரிதையிலிருந்து சிறை வாழ்க்கைப் பகுதியை முதலாண்டுத் தமிழ் மாணவர் ஒருவர் உரக்க வாசித்தார். மூன்று பிரதிகளும் அன்று மாலையே இரவலாகச் சென்றன. அடுத்து முன்பதிவு செய்தவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேண்டுகோள்களை நூலகக் குழுவின் முன் வைக்கிறோம். கலந்துரையாடல் நூல்களுக்கு ஐந்து பிரதிகள் என்ற நம் தீர்மானத்தைக் குழு மறுபரிசீலனை செய்ய வேண்டும். வெளியூரிலிருந்து பேருந்தில் வரும் மாணவர்கள் மாலை ஐந்து மணிக்குப் பின் தங்க இயலாததால், மாதம் ஒரு கூட்டத்தையாவது மதிய இடைவேளையை ஒட்டி நடத்த இடமும் நேரமும் ஒதுக்கித் தர வேண்டும். இதழ்த் தொகுதிகளைக் கீழ்த்தட்டிலிருந்து மேலே மாற்றும் பணி பாதியில் நிற்கிறது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதை முடித்துத் தருவதாக நூலகர் உறுதியளித்துள்ளார்.

கூட்டங்களுக்கு இருக்கைகளை அடுக்கி, முடிந்தபின் திரும்ப எடுத்து வைத்த நூலக உதவியாளர்களுக்கும், நூல்களை நன்கொடையாக வழங்கியவர்களுக்கும் வட்டத்தின் நன்றியைத் தெரிவித்து, இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்